காப்புக் கட்டிய ஊரில் கட்டையன்

செவந்தி காலையில் எழுந்ததும் முதலில் தன் முழங்காலைத் தேய்த்துக்கொள்வாள். பிறகு கொல்லைக் கதவைத் திறந்து, நாய் கட்டையன் எழுந்துவிட்டதா என்று பார்ப்பாள். முன்னங்கால்களை ஊன்றிவிடும், பின்பக்கம் வராது. சாக்கில் கிடந்தபடியே அவளைப் பார்க்கும். இடுப்புக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். குனிந்தால் அவளுக்கு வலி, தூக்கினால் அதற்கு வலி. இருவரும் முனகிக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான் அந்த வீட்டில் மற்ற வேலை ஆரம்பமாகும்.

குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கிராமம். செவந்தி அங்கே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். கணவர் அடைக்கலம் சவுதியில் லாரி ஓட்டுகிறார். மகன் பிரவீன்குமார் சென்னையில். நாயைக் குட்டியாகத் தூக்கி வந்தவன் அவன்தான். காலேஜுக்குப் போனபோது, பார்த்துக்கொள் என்று அம்மாவிடம் விட்டுப் போனான். மாடு, ரேஷன், கரண்டு பில் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தவற்றோடு நாயும் சேர்ந்தது. இப்போது அதற்குக் கிழட்டு வயது.

பொங்கல் முடிந்த வாரம் அதைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனாள். பள்ளிக்கூடத்துக்குக் காய்கறி இறக்கும் பிராங்க்ளின் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஆவூர்க்காரர், வாய் ஓயாமல் பேசுவார், கூப்பிட்டால் வருவார். டாக்டர் பிரகதீஸ்வரி நாயின் பின்னங்கால்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்துவிட்டது, பழையபடி ஆகாது, வலியைக் குறைக்கலாம் என்றார். நாய்க்கென்றே வருகிற வலி மாத்திரை ஒன்றை எழுதினார்.

“தெனம் ஒண்ணு. சாப்ட்டப்பறம்தான் குடுக்கணும், வெறும் வயித்துல கூடவே கூடாது. வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாமப் படுத்தாலோ, வெளிய போறது தார் மாதிரி கருப்பா இருந்தாலோ மாத்திரைய நிப்பாட்டிட்டு ஒடனே வாங்க. அப்பறம், ஒங்க முட்டி மாத்திரையப் போட்டுப் பாக்காதீங்கம்மா. நாய்க்கு அது வெசம்.”

செவந்தி தரையைப் பார்த்தாள். வீட்டில் அவள் நினைத்திருந்தது அதைத்தான்.

நெத்திலிக் கருவாட்டை உப்புப் போகக் கழுவி வேகவைத்து, சோற்றில் பிசைந்து, கடைசி வாயில் மாத்திரையை மறைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் கட்டையன் தானாக எழுந்தது. ஓடவில்லை, தண்ணீர்த் தொட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டது. செவந்திக்கு அதுவே போதும். காலையில் குனிகிற வேலை ஒன்று குறைந்ததே.

பங்குனியில் மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டினார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை எந்த வீட்டிலும் கறி, மீன், கருவாடு, முட்டை கிடையாது. கட்டும்போது ஊரில் இருந்தவர்கள் வெளியூரில் இரவு தங்கவும் கூடாது. செவந்தி பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முட்டை அவிப்பாள், அது வேலை. வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அடுப்பைத் தொடுவாள். அடைக்கலம் சவுதிக்கு லாரி ஓட்டப் போன காலத்திலிருந்து அவள் இதில் பிசகியதில்லை. அங்கே அவருக்கு முன்னால் போன லாரி கவிழ்ந்து எரிந்தபோது இவர் கீறல் இல்லாமல் தப்பியது ஆத்தா கொடுத்தது என்றுதான் இன்றும் சொல்வாள்.

கட்டையன் சாம்பார் சோற்றை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. போன வருடம்வரை காப்பு நாட்களில் அது பக்கத்து ஊர்க் கறிக்கடைக்குப் போய் வயிற்றை நிரப்பிக்கொண்டு வரும். இந்த வருடம் அவ்வளவு தூரம் நடக்கக் காலில்லை. தயிர்ச்சோறு வைத்தாள். அதையும் தொடவில்லை. மாத்திரை விட்டுப்போகக் கூடாதே என்று தாடையைப் பிரித்துத் தொண்டைக்குள் தள்ளினாள். விரத நாளில் அவளுமே பால் விடாத வறக்காப்பியில்தான் தன் மாத்திரையை விழுங்குகிறாள், ஒன்றும் ஆகிவிடவில்லை. மகன் போனில், மாத்திரை கொடுத்தாயா என்று தினமும் கேட்டான். சாப்பிட்டதா என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கோவிலில் கேழ்வரகுக் கூழ் ஊற்றிய அன்று நாய் கொஞ்சம் கூழை நக்கியது. செவந்திக்குப் பெரிய நிம்மதி. மறுநாள் வேலியோரம் அது வெளிக்கு இருந்துவிட்டு வந்த இடம் கருப்பாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு ராக்காயி எட்டிப் பார்த்தாள்.

“கேப்பக்கூழு குடிச்சா அப்புடித்தாண்டி இருக்கும். எங்க வீட்டுல அத்தன பேருக்கும் அப்புடித்தான். அதையும் போயி மோந்து பாக்குறியாக்கும்.”

செவந்தி அதை ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. மறுபடி வண்டி பிடித்து, மறுபடி லீவு சொல்லி, மறுபடி தூக்கிச் சுமக்கிற தெம்பு அவளிடம் இல்லை. அன்றும் மாத்திரையைத் தள்ளினாள். அடுத்த நாள் காலையில் கட்டையன் காப்பித்தூள் கரைத்தது போல வாந்தி எடுத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தலையைப் போட்டது. தார் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிராங்க்ளினுக்குப் போன் போட்டாள்.

டாக்டர் நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார். கூழ் நக்கியது என்றாள் செவந்தி. அதற்கு முன்னால் என்று டாக்டர் கேட்டதும், காப்பு, கருவாடு, தாடையைப் பிரித்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டு வாங்கத் தயாராக நின்றாள். டாக்டர் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போய்க் குடல் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்றார். ஊசி போட்டு, வயிற்றுக்கு மருந்து கொடுத்து, சோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டார். வலி மாத்திரை வேண்டாம் என்றார்.

“கோழி வேகவெச்ச தண்ணியில சோத்தக் கொழச்சு, கொஞ்சங் கொஞ்சமாக் குடுங்க. வயித்துல ஏதாச்சும் நின்னாத்தான் பொழைக்கும்.”

“ஊர்ல காப்புக் கட்டியிருக்குங்க டாக்டர்.”

“எங்க ஊர்லயுந்தாம்மா கட்டியிருக்கு. நாய்க்கு யாரும் கட்டலையே.”

செவந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அடைக்கலம் அந்த நேரத்தில் எந்த ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறாரோ என்றுதான் மனது ஓடியது. வெளியே வந்ததும், வீட்டில் கோழி வேகவைக்க முடியாததைப் பிராங்க்ளினிடம் சொன்னாள். நாயைத் தன் வீட்டில் விட்டுவிடச் சொன்னார் அவர்.

“எங்களுக்கும் தவக்காலந்தாங்கா. நாங்க கறி திங்கல. நாய்க்கு வேகவெச்சா பாவமில்லன்னு ஃபாதர் சொல்லுவாரு. சொல்லாட்டியும் வெச்சுத் தாரேன். ஆமா, வெளியூர்ல தங்கக் கூடாதுங்குறது நாய்க்கும் உண்டா?”

“தெரியல தம்பி. யாரும் கேட்டதில்ல.”

கட்டையன் ஆவூருக்குப் போனது. மறுநாள் மதியம், செவந்தி சத்துணவுப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது பிராங்க்ளின் கூப்பிட்டார். அவர் மனைவி என்ன செய்தும் நாய் வாய் வைக்கவில்லையாம். கண்ணைத் திறப்பதும் குறைந்துவிட்டதாம்.

வேலை முடிந்ததும் பஸ் பிடித்தாள். ஆவூரில் இறங்கிப் பெரிய மாதா கோயிலைத் தாண்டி நடப்பதற்குள் முட்டி இரண்டும் வீங்கிவிட்டன. கட்டையன் வேப்பமரத்தடியில் கிடந்தது. அவள் செருப்புச் சத்தம் கேட்டு வாலை ஒருமுறை தரையில் தட்டியது. பக்கத்தில் கிண்ணத்தில் குழைத்த சோறு, கோழித்துண்டுகளோடு. பிராங்க்ளினின் மனைவி ஒரு கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். செவந்தி கரண்டியால் ஊட்டிப் பார்த்தாள். நாய் பல்லைக் கடித்துக்கொண்டது. கன்னத்தில் வழிந்ததைக்கூட நக்கவில்லை.

கிண்ணத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வலது கையைச் சோற்றில் விட்டுப் பிசைந்து, விரலில் எடுத்து அதன் மூக்கின் கீழே நீட்டினாள். கட்டையன் முகர்ந்தது. நாக்கு வெளியே வர வெகுநேரமானது. விரலை நக்கியது, இன்னொரு விரலையும் நக்கியது. கை வலிக்க வலிக்க நீட்டிக்கொண்டே இருந்தாள். கிண்ணத்தில் பாதி போயிருந்தது. வாந்தி எடுக்கவில்லை.

அங்கேயே தண்ணீர் வாங்கித் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஈரத் தலையோடு பஸ்ஸில் உட்கார்ந்தவள் அடைக்கலத்துக்குப் போன் செய்தாள். இந்த நேரத்தில் அவள் கூப்பிடுவதே இல்லை.

“என்னடி, நாய் போயிருச்சா?”

“இல்ல. சாப்ட்ருச்சு. நீங்க வண்டியிலயா இருக்கீங்க?”

“நிப்பாட்டிட்டுத்தான் பேசுறேன். ஏன்?”

கோழியைத் தொட்டதை அவள் சொல்லவில்லை.

“ஒண்ணுமில்ல. இன்னைக்கு மெதுவாப் போங்க.”