நெஞ்சுக் கோட்டில் ஒரு சந்தேகம்

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும் இடத்தில் மருத்துவ இயற்பியலாளர் என்று ஒருவன் இருப்பான். எல்லாவற்றையும் சந்தேகப்படுவதுதான் அவன் வேலை. கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவர்களுக்கு என் பாடு புரியும். உங்களுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், எனக்கு அந்த வியாதிக்கு நியமனக் கடிதமே தந்திருக்கிறார்கள்.

காலைச் சோதனை

முதல் நோயாளி வருமுன், இயந்திரம் நேற்றைப் போலவே கதிர் விடுகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். ஒருநாள் அளவு சற்றுக் கூடக் காட்டியது. முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். பிறகு அளக்கும் கருவியை, பிறகு மின்சாரத்தை, பிறகு இயந்திரத்தை இயக்கும் காத்தான்குடி ரிஸ்வானை. வெளியே ஆட்கள் காத்திருக்க ஒரு மணித்தியாலம் விசாரணை நடந்தது. கடைசியில் பார்த்தால், கணக்கில் இன்றைய அறை வெப்பநிலையைப் போடாமல் நேற்றையதையே போட்டு வைத்தவன் நான். ரிஸ்வான் சிரிக்கக்கூட இல்லை. "சேர், நாளைக்கு முதல்ல உங்கள அளந்து பாப்பம்" என்றான்.

நீங்க ஆர்?

தம்பிராசா கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்காரர். உணவுக்குழாயில் புற்றுநோய், சோறு இறங்காமல் கஞ்சியோடு நின்றார். ஐந்து கிழமைச் சிகிச்சைக்குத் திட்டம் போட்டது நான். நெஞ்சில் ஒன்று, விலாவில் இரண்டு என்று மையினால் கோடு கீறி, அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தினமும் படுக்க வைப்போம். விலகினால் நோய் தப்பிவிடும், முள்ளந்தண்டு நரம்பு கதிரில் மாட்டிவிடும். கோட்டில் தண்ணீர் படக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் மனைவி பூமணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மருந்தும் தாறல்ல, ஊசியும் போடுறல்ல, கையப் புடிச்சும் பாக்கல்ல. நீங்க ஆர் தம்பி இதுக்குள்ள?"

வடிவான கோடு

மூன்றாம் கிழமை, திங்கட்கிழமை காலை. "கோடு வடிவா இருக்கு சேர்" என்றான் ரிஸ்வான். வடிவாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கிழமை வியர்வை பட்ட கோடு மங்கியிருக்க வேண்டும். இது புதிதாகக் கறுத்திருந்தது. கதிர் வைக்க விடாமல் படம் எடுத்துப் பார்த்தேன். கோடு இரண்டு சென்டிமீட்டர் கீழே நின்றது.

என்ன நடந்தது என்று கேட்டேன். பூமணிதான் சொன்னார். முந்தின நாள் அமிர்தகழிக் கோயிலில் தீர்த்தத் திருவிழா. நேர்த்திக்கடன் என்று தம்பிராசா குளத்தில் மூன்று முழுக்குப் போட்டிருக்கிறார். கரையேறினால் நெஞ்சில் ஒன்றும் இல்லை. நாங்கள் ஏசுவோம் என்று பயந்து, மகளின் மார்க்கர் பேனையால் பூமணியே கீறிவிட்டிருக்கிறார். "வெள்ளத்தில வரம்பு கரைஞ்சா, வயல் வட்டையில கண்ணளவாலதான் தம்பி திருப்பிக் கட்டுறம். ஒரு நாளும் பிழைச்சதில்ல."

முடிச்சுப் போட்ட நூல்

பழைய ஸ்கானைப் பார்த்துக் கோட்டைச் சரியான இடத்தில் கீறினேன். மறுநாள் பூமணி ஒரு நூலோடு வந்தார். கழுத்துக் குழியிலிருந்து கோடு வரை அளந்து முடிச்சுப் போட்ட நூல். தினமும் என் கண் முன்னாலேயே அதை வைத்துப் பார்ப்பார். என்னை நம்பவில்லை. எனக்கோ சந்தோஷமாக இருந்தது, என் இனத்தில் இன்னொரு ஆள்.

நாலாம் கிழமை ஒருநாள் முடிச்சும் கோடும் பொருந்தின. நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். பூமணி மட்டும் வழியை விடவில்லை; அவர் இடுப்பில் கட்டும் சாரத்தை இப்போது ஒரு சுற்றுக் கூடச் சுற்ற வேண்டியிருக்கிறது என்றார். டொக்டரிடம் சொல்லி மறுபடி ஸ்கான் எடுத்தோம். உடம்பு மெலிந்திருந்தது. பழைய திட்டத்தையே தொடர்ந்திருந்தால் நரம்புக்குக் கதிர் கூடுதலாகப் போயிருக்கும். புதுத் திட்டம் போட்டு முடித்தோம். இப்போது அவருக்குச் சோறு இறங்குகிறது. ஆனால் அன்று வாசலில் நின்று பூமணி சொன்னது இன்னும் காதுக்குள் இருக்கிறது. "கோடு நிண்ட இடத்திலதான் நிக்குது தம்பி. மனிசன்தான் உள்ளுக்குப் போயிட்டார்."

கடைசி நாளில் அவர் தந்துவிட்டுப் போன அந்த நூல் என் மேசையில் அளவுகருவிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இழுபட்டிருக்குமோ என்று கிழமைக்கு ஒருமுறை அதையும் அளந்து பார்க்கிறேன்.