இருட்டில் இருந்தவள்

தாராவியில் பழைய சினிமாச் சுருள்களைக் கழுவுவதுதான் சுடலைக்கு வேலை. காஸ்டிக் சோடாத் தொட்டியில் ஊறவைத்தால் படம் கரைந்து சேறாக அடியில் தங்கும். அதைக் காய்ச்சி முதலாளி வெள்ளி எடுப்பார். வெளுத்த சுருள் வளையல் பட்டறைக்குப் போகும். இருட்டுக் காட்சிகளில்தான் வெள்ளி அதிகம் என்பதால், கொலை, கொள்ளைப் படம் வந்தால் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

சுடலையின் நினைப்பு வேறு. செத்துப்போன மனைவி கனகவள்ளிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. பம்பாய்க்கு வருமுன் மெட்ராஸில் ஒரே ஒரு படத்தில் தினக்கூலிக்கு நடித்தவள் அவள். புருஷன் பிணத்தருகே உட்கார்ந்து அழும் வேஷம். படத்தின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

"லைட்டுன்னா அப்பிடி லைட்டு. கண்ணே அவிஞ்சிரும்" என்று சாகும்வரை சொல்லிச் சிரித்தாள்.

அதனால் பதினோரு வருஷமாக அவளைத் தேடி, வெளிச்சமான சுருள்களை மட்டும் சுடலை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். கறுப்பானவை நேரே தொட்டிக்குப் போகும். மனுஷன் முட்டாள் இல்லை. பெண்டாட்டி பேச்சை நம்பினார், அவ்வளவுதான்.

1964இல் ஒரு மத்தியானம், மாதுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் வந்தார். ஆபீஸ் உத்தியோகம், பழைய படம் சேர்க்கும் பைத்தியம்.

"'பாலத்தடிக் கொலை'ன்னு ஒரு படம். பாட்டே கிடையாது. ஒரே வாரத்துல தூக்கிட்டா, யாரும் சீந்தலை. இப்போ என்னை மாதிரி நாலு பேர் அதுக்காக அலையறோம். மிச்சம் ஒரே காப்பி, இங்க வந்திருக்காமே?"

"அப்பிடி என்ன சாமி இருக்கு அதுல?"

"கடைசிச் சுருள்ல ஒரு பொண்ணு. புருஷன் பொணத்துகிட்ட உக்காந்து, இடது கையால மண்ணை அடிச்சுண்டு அழுவா. யாருன்னே தெரியாது. அப்படி ஒரு அழுகை வேற எந்தப் படத்துலயும் இல்லைங்கறா பாத்தவா."

கனகவள்ளி இடது கைக்காரி.

"வெளிச்சமான எடந்தானே சாமி?"

"ராத்திரி சீன் ஓய். எத்தனை லைட் போட்டாலும் படத்துல இருட்டாத்தான் விழும்."

சொல்லிக்கொண்டே அவர் சுவரோரம் கிடந்த டப்பாக்களின் பெயரைப் படித்தார். தேடிய படம்தான். கடைசி டப்பா காலியாக இருந்தது.

சுடலை சுருள் காயப்போடும் கொடியைக் காட்டினார். காலையில் அவர் கையால் கழுவிய சுருள் கண்ணாடி மாதிரி காய்ந்துகொண்டிருந்தது.

"சாமி, அவ எம் பொண்டாட்டி."

வேங்கடசுப்ரமணியன் கொடியருகே போய்ச் சுருளைத் தொட்டுப் பார்த்தார். "கழுவறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பாத்தீரா?"

"கறுப்பால்லா இருந்துச்சு" என்றார் சுடலை. "பாக்கல."