பக்காலியில் கடலைக் காணோம்

காலை ஆறரை மணி, வங்காளத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டாக்குரியா ரயில் நிலையம். நாம்கானா லோக்கல் ரயிலுக்கு ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் டிக்கெட். பக்காலிக் கரையில் பதினொரு மணிக்குக் கடல் முழுதாக ஏறியிருக்கும் என்று என் வீட்டுக்காரர் மூன்றாம் தடவையாகச் சொன்னார்.

அவர் துறைமுகத்தில் கடலின் ஏற்றமும் வற்றமும் பார்த்துக் கப்பல்களை உள்ளே விட்டவர். ஓய்வு பெற்றபின் கப்பல் இல்லாத குறையைக் கணினி தீர்க்கிறது. எந்தக் கரையில் எப்போது தண்ணீர் ஏறும் என்று சொல்ல அதில் தானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அதைக் கேட்க என்னை விட்டால் ஆளில்லை.

இந்த முறை எனக்கே அது தேவைப்பட்டது. முழங்கால் மாற்றி ஒரு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே, எழுந்ததும் கடலில் கால் நனைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். புதையும் மணலில் நடக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அதனால் தண்ணீர் கரை ஏறும் நேரத்தில் போய், ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை நீட்டுவதாகத் திட்டம்.

மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆளுக்கும் இடம் விடுவது இந்தத் தடத்தின் வழக்கம். அப்படி ஒட்டிக்கொண்ட ஒரு பெண் என் கைத்தடியைப் பார்த்ததும், ஜன்னலோரத்தில் இருந்தவரை எழுப்பி, "மாஷிமா, இங்கே வாங்க" என்று வங்காள மொழியில் அழைத்து என்னை உட்கார வைத்தாள். எடுத்த எடுப்பிலேயே சித்தி ஆக்கிவிடுகிறார்கள். கொய்யாப்பழம் வந்தது, காரப்பொரி வந்தது. இரண்டையும் விடவில்லை.

ஒன்பதரைக்கு நாம்கானா. அங்கிருந்து பஸ்ஸில் முப்பது ரூபாய். ஆற்றுப் பாலத்தில் ஏறியபோது கீழே மீன்பிடிப் படகுகள் வரிசையாக நின்றன. சந்தோஷத்தில் நான் குதிக்காத குறைதான்.

பத்தரைக்குச் சவுக்குத் தோப்பைத் தாண்டினோம். கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் ஈரத்தரை, அதன் கடைசியில் மெல்லிய வெள்ளைக்கோடு.

டீக்கடைக்காரம்மா சாயங்காலம் நாலரைக்குத் தண்ணீர் கரைக்கு வரும் என்றார். என் வீட்டுக்காரர் விரல்விட்டு எண்ணினார். ஐந்தரை மணி நேர வித்தியாசம். முகம் செத்துவிட்டது. போன வாரம் கணினி முரண்டு பிடித்தபோது, லண்டனில் இருக்கும் மகள் அங்கிருந்தபடியே அதைச் சரிசெய்தாள். அப்போது கணினியின் கடிகாரமும் லண்டன் நேரத்துக்குப் போயிருக்கிறது; அது சொன்ன பதினொரு மணி லண்டன் மணி. மணி பார்க்கக் கைக்கடிகாரம் தவிர வேறு எதையும் நம்பாத இவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"இத்தனை வருஷத்துல ஒரு கப்பலைக்கூடத் தரை தட்ட விட்டதில்ல, பத்மா. உன்னைத் தட்ட வச்சுட்டேன்" என்றார்.

நாலரை வரை இருந்தால் இரவு ரயில் கூட்டத்தில் என் கால் தாங்காது. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் கைத்தடியைத் தரையில் குத்தினேன். 'டொக்' என்றது. இன்னும் இரண்டு இடத்தில் குத்தினேன், எங்கேயும் இறங்கவில்லை. சற்றுத் தள்ளி ஒருவர் சைக்கிளே ஓட்டிக்கொண்டு போனார்.

"என்னங்க, மொட்டைமாடி மாதிரில்ல இருக்கு" என்று சொல்லி நடக்க ஆரம்பித்தேன்.

அவர் பதறினார். தண்ணீர் திரும்ப ஆரம்பித்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் நாம் கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று எச்சரித்துக்கொண்டே, செருப்பைக் கையில் பிடித்தபடி கூட வந்தார். பாதி வழியில் முழங்கால் முனகியது. நின்று மூச்சு வாங்கி மறுபடி நடந்தேன். அறைக்கும் அடுப்படிக்குமாக ஒரு வருஷம் நடந்த கால் இது.

வெள்ளைக்கோடு நுரையானது. அடுத்த அலை கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. சில்லென்ற அந்தத் தண்ணீரில் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் மெரினா மணலில் பத்தடிகூட எனக்கு இப்போது முடியாது. இங்கே முக்கால் கிலோமீட்டர் இருக்கும் என்றார் அவர்.

திரும்பும்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை. கணக்கைச் சரிபார்த்து, வருகிற ஜனவரியில் தண்ணீர் கரையைத் தொடும் நேரத்துக்கே கூட்டிவருவதாகச் சொன்னார்.

"வேண்டாம். வத்துற நேரம் பாத்தே கூட்டிட்டு வாங்க" என்றேன். "நடந்து போகணும் எனக்கு."