மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓடிய நாய்

சனிக்கிழமை பகல் ஒன்றேகால் மணிக்கு நான் அரைநாள் வேலை முடிந்து வீடு திரும்பியபோது, எங்கள் நாய் வேலிக்கு வெளியே, தார்ச்சாலை ஓரத்தில் நின்றிருந்தது. என்னைப் பார்த்து வாலாட்டவில்லை. அதில் எனக்கு வியப்பில்லை. அது எனக்கு வாலாட்டுவதே அபூர்வம். ஆனால் முன்கால்களை அகலமாக ஊன்றி, விழுந்துவிடாமல் இருக்க முயல்வதுபோல் நின்றது. நாக்கு தடித்துச் சிவந்து தொங்கியது. வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வடிந்தது. இரண்டடி நடந்து, பின்பக்கம் சரிந்து உட்கார்ந்துவிட்டது.

"உங்க மச்சான் வந்துட்டு இப்பதான் போனான்," என்றாள் மனைவி, வாசலுக்கு வந்தபடி. "வண்டி பின்னாலேயே ஓடிருச்சு. நான் கத்துறேன், திரும்பிக்கூட பாக்கல."

அவள் தம்பி ஊரின் மறுகோடியில், செமாபோக்கில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை செய்தான். சனிக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் வருவான், ஒரு பொட்டலம் எலும்போடு. நாயைக் கொண்டுவந்ததும் அவன்தான். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம், கப்பலேறிப் போன ஒரு துரை விட்டுச்சென்ற நாயின் குட்டி அது. குளிர்நாட்டுக்கு ஏற்ற அடர்ந்த கறுப்பு முடி. நாங்கள் குடியிருந்த கஜா பெராங் வெயிலில் அந்த முடியோடு அது வாழ்ந்ததே எனக்கு ஆச்சரியம்தான்.

தினமும் அதற்குச் சோறு பிசைந்து வைப்பவன் நான். வாரத்துக்கு ஒருமுறை எலும்பு கொண்டுவருபவன் பின்னால்தான் அது ஓடும். என் மகளும் அப்படித்தான். பள்ளியில் நடந்ததை நான் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்பாள். மாமா வந்து உட்கார்ந்தால் கேட்காமலே கொட்டுவாள். அடுத்த அறையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, அவள் வகுப்புச் செய்திகளை நான் அப்படித்தான் அறிந்துகொண்டேன்.

இப்போது அவள் ஓடி வந்து நாயைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. என்ன செய்வது என்று என்னிடம் கேட்பாள் என்று நின்றேன்.

"மாமாவக் கூட்டிட்டு வரேன்," என்றாள். நான் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை எடுத்தாள்.

"இந்த வெயில்ல செமாபோக்குக்கா? நில்லு! லாரி வர்ற ரோடு!"

அவளுக்குப் பன்னிரண்டு வயது. இருக்கையில் உட்கார்ந்தால் கால் எட்டாது. குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து, கோணலாக மிதித்துக்கொண்டு வளைவில் மறைந்துவிட்டாள்.

எதிர்வீட்டு அம்மாள் அப்போதுதான் வெளியே வந்தார். மலாக்கா செட்டிக் குடும்பம், பல நூறு வருடம் முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழி; வீட்டில் பேசுவது மலாய்தான். எச்சில் ஒழுகும் வாயைப் பார்த்ததும், "ஆஞ்சிங் கீலா! வெறிநாய்!" என்று அலறி வேலிக்கதவைச் சாத்தினார். அந்த நாட்களில் வெறிநாய்ப் பயம் ஊர் முழுக்க இருந்தது. யாராவது புகார் சொன்னால் துப்பாக்கியோடு ஆள் வருவார்கள். எனக்கும் ஒரு கணம் கை நீளவில்லை. வெறியாக இருந்தால்?

பிறகு தூக்கிவிட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய பானையைத் தூக்கியதுபோல் இருந்தது. தார் சுட்டு உள்ளங்கால்களில் தோல் உரிந்திருந்தது. கிணற்றடியில் ரம்புத்தான் மர நிழலில் கிடத்தினேன். ஒரு கோணிச்சாக்கை நனைத்து உடம்பு முழுக்கப் போர்த்தினேன். சற்று நேரத்தில் சாக்குக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தால், உள்ளே இட்லிப்பானை ஆவி. பதறி எடுத்து எறிந்தேன். அதன்பின் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதங்களிலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். மனைவி செய்தித்தாளை மடித்து விசிறினாள்.

"வாயில ஊத்துங்களேன்."

"புரையேறிடும். அதுவா குடிக்கட்டும்."

உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி மூக்கருகே நீட்டினேன். அது பார்க்கவே இல்லை. கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது.

"மினும்?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார் எதிர்வீட்டு அம்மாள். குடிக்கிறதா என்று. தண்ணீரைக் குடித்தால் வெறியில்லை என்பது அவர் கணக்கு.

"பெலும்," என்றேன். இன்னும் இல்லை.

ஊற்றிக்கொண்டே ஒன்று நினைத்தேன். இது செத்தால், அப்பா கையில் செத்தது என்பாள் மகள். பிழைத்தால், மாமாவால் பிழைத்தது என்பாள். அப்படி நினைத்தபோதே, சைக்கிளும் லாரிகளும் கண்முன் வந்தன. மறுபடி வாளியைக் கிணற்றில் இறக்கினேன். இன்றும் நண்பகலில் ஏதாவது ஒரு நாய் வாய் பிளந்து இரைத்தால், மகள் எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன்.

மறுபடி கையை நீட்டினேன். நாக்கு நுனி தொட்டது. மெல்ல ஒருமுறை நக்கியது. பிறகு இன்னொரு முறை.

"டியா மினும்! டியா மினும்!" குடிக்கிறது, குடிக்கிறது என்று அந்த அம்மாள் கூவினார். என் மனைவி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாய் என் கையில் தண்ணீர் தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டிருந்தது. நான் வைத்த சோற்றை எத்தனையோ நாள் தின்றிருக்கிறது. என் கையை நக்கியதில்லை. வெறும் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

வளைவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நாயின் காதுகள் நிமிர்ந்தன. என் கையை விட்டு, தடுமாறி, நான்கு காலில் எழுந்து நின்றது. ஈர வால் ஆடி என் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

பின்னிருக்கையில் மாமாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு என் மகள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அப்போதுதான் கிணற்றடியிலிருந்து எழுந்தேன்.

"எழுந்து நிக்குது, மாமா!" என்று குதித்து ஓடி வந்தாள்.

"உங்க சைக்கிள் பட்டறையில பத்திரமா இருக்கு, மச்சான்," என்றபடியே அவன் வந்து, நான் ஊற்றிய தண்ணீர்ச் சேற்றில் குந்தினான். நாய் தள்ளாடிப் போய் அவன் மடியில் தலையை வைத்தது. அவன் அதன் காதைத் தடவினான். என் மகளைப் பார்த்தான், பிறகு நனைந்த பனியனோடு நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"நான்தான் வந்துட்டேன்ல," என்றான். "இனிமே ஒண்ணும் ஆவாது."