கவிழ்த்த பரிசலின் நிழல்

பென்னாகரத்திலிருந்து வரும் முதல் பேருந்தின் நடத்துனர், படிக்கட்டில் நின்றபடியே செய்தியைச் சொன்னார்: "உங்க லூர்தக்கா விடியக்காலையில போயிட்டாங்கம்மா. தூக்கத்துலயே." ஒகேனக்கல்லில் பத்தாண்டுகள் என்னோடு ஒரே அடுப்பில் மீன் வறுத்த லூர்து மேரி அம்மையாருக்கு வயது ஐம்பத்தாறு. அழுகை வந்த அதே கணத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது. உறக்கத்திற்காக அவர் பட்ட பாட்டை அறிந்த பரிசல்துறையினரே, உங்களுக்கு அச்சிரிப்பு விளங்கும். அறியாதோர்க்காக இதனை எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் அடுப்பருகே இருமுறை மயங்கி விழுந்தார். இதயத் துடிப்பு மிகக் குறைந்திருப்பதைக் கண்டு, பெங்களூரில் பேஸ்மேக்கர் என்னும் சிறு கருவியை மார்பின் தோலுக்கடியில் பொருத்தினார்கள். நம் பக்கத்தில் பலரும் அப்பெயரையே கேட்டிராத காலம். அவர் கடைக்குத் திரும்பிய அன்று மகன் அந்தோணி என் முன்னிலையிலேயே சொன்னான்: "ஆத்தா, இனிமே ஒருநாள் முடியலன்னாலும் கடை கெடையாது. வூட்டோட இருந்துக்கணும்." அம்மையார் தலையாட்டினார். முடியவில்லை என்ற சொல்லை அவர் வாய் அன்றே மறந்தது.

நான் பள்ளிப் படி ஏறாதவள். மீன் மடிக்கும் தாள்களை ஒன்றுவிடாமல் வாசித்தே எழுத்தறிந்தவள். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆயினும் இதயத்தைப் பற்றி அத்தாள்கள் எனக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை. மோட்டார் வைத்த கிணற்றில் நீர் கொட்டுவதுபோல், கருவி வைத்த உடம்பில் வலிமை கொட்டும் என்றே நம்பினேன். ஆகவே, கூட்டம் வரும் முன் பதினொரு மணிக்கு, "மீன் பாத்துட்டு வரேன் சரசு" என்று அவர் நாள்தோறும் மறைந்தபோது எனக்கு மனம் கொதித்தது.

"மெசின் வெச்ச ஒடம்புக்கு ஊர் சுத்தத் தெம்பிருக்கு, வெங்காயம் உரிக்கத் தெம்பில்லையாக்கா?"

"நீ உரிச்சாத்தான் கண்ணு, வெங்காயம் அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் மிகுந்தது. பரிசல் ஓட்டும் முனியப்பன், கரையில் கவிழ்த்து வைத்திருந்த பழைய பரிசலை எடுக்கப் போனார். அக்காவைத் தேடிச் சென்ற நானும் அங்கே நின்றிருந்தேன். பரிசலைத் தூக்கியவர் "ஐயோ சாமி!" என்று அலறினார். அடியில், கோணிப்பையின்மேல், எங்கள் லூர்தக்கா படுத்திருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்:

"ஏன்டா முனியப்பா, ஆளு குடியிருக்கற வூட்டுக் கூரையவா தூக்குவ?"

"அக்கா, இதுக்குள்ள என்னாங்க பண்றீங்க?"

"கருவாட்டுக்குப் பக்குவம் பாக்கறேன். மூடுடா!"

கரையே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். "அந்தோணிகிட்டச் சொல்லிராத சரசு. பதினோரு மணியானா கை காலு ஈர மணலாட்டம் கனக்குது. மெசின் ஓஞ்சுபோச்சோ என்னமோ. அடுப்பில்லாம வூட்டுல என்னால ஒக்கார முடியாது."

அவர் கேட்டுக்கொண்டதை நான் மீறினேன். அந்தோணியிடம் நானே சொன்னேன். மூவரும் பெங்களூர் சென்றோம். மருத்துவர் தமிழும் கன்னடமும் கலந்து விளக்கினார்: "மெஷின் நல்லாத்தான் இருக்கம்மா. துடிப்பு குறையாமப் பாத்துக்கும். ஆனா மேடு ஏறும்போது வேகத்தைக் கூட்டாது. ரத்தமும் கம்மியா இருக்கு, மாத்திரை தரேன். வேலையைப் பிரிச்சுச் செய்ங்க, பகல்ல கொஞ்சம் படுங்க."

அக்கா நிமிர்ந்து அமர்ந்தார். "பாத்தியாடா? எம் பரிசலுக்கு டாக்டரே சீட்டு எழுதிட்டாரு."

அந்தோணி மாத்திரைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தான். பிறகு, "கோணி வேணாம் ஆத்தா. நல்ல பாயா வாங்கித் தரேன்" என்றான்.

அதன்பின் தண்ணீர்க் குடம் என் இடுப்புக்கு மாறியது. மீனை அவர் அமர்ந்தே நறுக்கினார். பழைய பரிசல் ஆற்றில் இறங்குவதை நிறுத்தி, அவருக்கே உரியதாயிற்று. நான் அதன்மேல் ஒரு பலகை எழுதி வைத்தேன்: 'சமையலரசியார் இளைப்பாறும் நேரம், ஆரவாரம் தவிர்த்தருள்க.' வாசித்துக் காட்டியபோது, "தூங்கறான்னு எழுதறதுக்கு இத்தனை வரியா?" என்றார். எனினும் அப்பலகையைத் தினமும் தாமே துடைத்து வைத்தார். முனியப்பன் துடுப்பால் இருமுறை தட்டி, "அக்கா, பஸ்ஸு வந்திருச்சுங்க" என்றதும் எழுந்து வருவார். மாலை வரை அடுப்படியில் அவர் பேச்சும் மீன் பொரியும் சத்தமும் ஓயா. அவர் அடிக்கடி சொன்னது: "களைச்ச பொறவு ஒக்காந்தா அன்னிக்குப் பொழுது போச்சு. களைக்கறதுக்கு முன்ன ஒக்காந்தா எந்திரிச்சு வரலாம்."

அடக்கத்திற்கு மறுநாள் கடை திறந்தேன். பதினொரு மணிக்கு முனியப்பன், வழக்கம்போல், பாயை விரித்து, அதன்மேல் அப்பரிசலை ஒருபுறம் கல் முட்டுக் கொடுத்துக் கவிழ்த்துவிட்டுச் சென்றார். பகலில் படுப்பது இழுக்கு என்று வாழ்ந்தவள் நான். அன்று குனிந்து உள்ளே நுழைந்தேன். தார் உதிர்ந்த மூங்கில் இடுக்குகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக என்மேல் விழுந்தது. காவிரியின் ஓசை இவ்வளவு அருகில் இருப்பதை இத்தனை ஆண்டுகளாக அவர் ஒருவரே கேட்டிருக்கிறார்.

அவருடைய கத்தியை அந்தோணியிடம் கொடுத்துவிட்டேன். எனக்கென நான் வைத்துக்கொண்டது அந்தப் பதினொரு மணி ஒன்றே. அன்று நான் கண்ணயர்ந்தபோது துடுப்பு இருமுறை தட்டியது.

"அக்கா, பஸ்ஸு வந்திருச்சுங்க."

எழுந்து போய் அடுப்பை மூட்டினேன்.