செல்விக்கு மட்டும் வாபஸ்

கழிமுகத்தில் எண்ணெய் மிதந்து மீனெல்லாம் செத்தபோது, எண்ணூரில் மீன் விற்கிற பெண்கள் நாங்கள் சாலை மறியல் செய்தோம். பன்னிரண்டு பேர் மீதும் ஒரே வழக்கு. ஒரு வாய்தாவில் அரசு வக்கீல் எழுந்து, செல்வி மீதான வழக்கை மட்டும் வாபஸ் வாங்கினார். அவள் கொழுந்தன் ஆளுங்கட்சி வட்டச் செயலாளர். அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தேன்.

“அவளும் நம்ம கூடத்தானே ரோட்ல குந்திகினு இருந்தா? இன்னா அநியாயம்டி இது!” என்று, அதே வழக்கில் இருந்த தோழி மேரியிடம் கத்தினேன்.

மறுநாள் காலை யாருக்கும் சொல்லாமல், கூடையில் இருந்ததிலேயே பெரிய வஞ்சிர மீனை எடுத்துக்கொண்டு அந்தக் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். “என் பேரையும் எட்த்துட சொல்லு நைனா” என்று கெஞ்சினேன்.

அடுத்த வாய்தாவில் எனக்கும் வாபஸ். கோர்ட் வாசலில் மேரி என்னை நிறுத்தினாள்.

“இன்னா மீன் குட்த்த?”

அன்று செல்வியை நான் பார்த்த அதே பார்வை. அநியாயம் என்று நான் கத்தியதே, அந்த வாபஸ் எனக்குக் கிடைக்காததால்தான் என்று மேரியிடம் எப்படிச் சொல்வேன்?