கண்ணாடி முன்னால் ஒரு நீலப் பெட்டி

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடை மாடியில் தகரக் கூரை போட்ட ஜிம். சில மாத வேலையாக இங்கே வந்து அறை எடுத்திருக்கிற எனக்கு இதுதான் கட்டுப்படியாகும் என்றார்கள். ஏறிப் பார்க்கிறேன். டம்பெல்கள் மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. எல்லோரும் கண்ணாடி முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். அங்கே மணல் நிரப்பிய நீலப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கிறது.

"இன்னா சார் பாக்கறீங்க? கம்பெனில ஆள் எடுக்கறப்போ இந்த மாதிரி பொட்டியத்தான் தூக்கச் சொல்றான். இங்க வர்றவன்லாம் அதுக்குத்தான் வர்றான்," என்கிறார் ஜிம்காரர்.

இடுப்பில் பெல்ட் கட்டிய ஒருவர் பெட்டியைத் தோள்வரை தூக்குகிறார். தென்காசிப் பக்கமாம். ஒப்பந்தம் முடிந்து, மறுபடி அதே வேலைக்குத் தேர்வாக வேண்டும். அந்த வேலையில்தான் முதுகு போயிருக்கிறது.

"மூஞ்சி மாறுது பாரு! வலிக்குதுன்னு தெரிஞ்சா வூட்டுக்கு அனுப்பிடுவான். இன்னொரு வாட்டி தூக்கு!" என்று அவரை அதட்டுகிறார் ஜிம்காரர்.

கண்ணாடி எதற்கென்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அவர் மறுபடி தூக்குகிறார். கண்ணாடியில் முகம் சிரிக்கிறது. பின்னால் நிற்கிற எனக்கு முதுகு நடுங்குவது தெரிகிறது.

"இப்பம் தெரியுதா சார்?" என்று கண்ணாடி வழியாகவே என்னிடம் கேட்கிறார்.

இல்லை என்கிறேன்.